இருபதாயிரம் ரூபாய் கிடாருக்கு எவ்வளவுக்கு பிக்கப் போடலாம்?

எலெக்ட்ரிக் கிடார் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் கை அரிக்க ஆரம்பிக்கும். நாலைந்து கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கூட்டு) சுத்தமாக விழத் தொடங்கியிருக்கும். யூடியூபில் யாரோ ஒருவர் நம்மிடம் உள்ள அதே மாடலில் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) மட்டும் மாற்றிவிட்டு, மாற்றுவதற்கு முன் எப்படி, பின் எப்படி என்று வாசித்துக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு நம் கிடாரைக் கையில் எடுத்தால், அதுவரை காதில் விழாத குறையெல்லாம் விழும்.

எனக்கும் விழுந்தது. என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வார்ப்பில் வந்த ஒரு மலிவுக் கிடார். கம்பெனி பெயர் வேண்டாம், விலை இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், ஐந்து வழி சுவிட்ச். கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் பழுதில்லை. பிரிட்ஜ் (கிடார் உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கத்து பிக்கப்பில் மெல்லிய கம்பிகளை அடித்தால் காதைக் கிழிக்கும். பெயர் பெற்ற அமெரிக்க பிக்கப் செட் ஒன்றின் விலையை விசாரித்தேன். இறக்குமதி வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து கிடார் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

அதற்காக பிக்கப் மாற்றுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. என் கட்சி இதுதான்: எது பிடிக்கவில்லை என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிற வரைக்கும் பர்ஸைத் திறக்கக் கூடாது. “சவுண்டு சரியில்லை” என்பதை நான் வாக்கியமாக ஏற்க மாட்டேன். “பிரிட்ஜ் பிக்கப்பில், முதல் இரண்டு கம்பிகளில், டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்டால் காதைக் குத்துகிறது” என்பது வாக்கியம். அதற்கு மருந்து தேடலாம்.

முதலில் பிக்கப் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி, அவ்வளவுதான். ஸ்ட்ராட் பிக்கப்புகளில் வழக்கமாகப் பயன்படுவது 42 கேஜ் கம்பி, தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். அதை ஏழாயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரம் சுற்று வரை சுற்றுவார்கள். மேலே கிடார் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும், செம்புச் சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். ஜார்ஜ் போஷாம்ப் 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கரின் ‘ஃப்ரையிங் பான்’ கிடாரில் செய்து காட்டியதும் இதே வேலைதான். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1937இல். தத்துவம் இன்றுவரை மாறவில்லை.

விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்க்க பிக்கார்டை, அதாவது முன்பக்கத்துத் தகட்டை, கழற்றினேன். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, சுற்றியுள்ள ஸ்க்ரூக்களை எடுத்தால், மூன்று பிக்கப்பும் சுவிட்சும் குமிழ்களும் ஒரே தட்டாகக் கையோடு வந்துவிடும். கவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் கறுஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தது. மேலே தெரியும் ஆறு வட்டங்களும் வெறும் இரும்புத் தண்டுகள். இதுதான் செராமிக் பிக்கப். விலை கூடிய பழைய பாணி பிக்கப்பில் அந்த ஆறு தண்டுகளே ஆல்நிகோ காந்தங்கள், அடியில் பட்டை கிடையாது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை அது.

இந்த வேறுபாடு காதில் கேட்கும். சுருளுக்கு நடுவே இரும்பு இருந்தால் அதே எண்ணிக்கைச் சுற்றுக்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) கூடுகிறது, காந்தப் புலம் பரவும் விதமும் வேறு. ஆனால் கேட்கிறது என்பதாலேயே ஒன்று மட்டம், இன்னொன்று உசத்தி என்று ஆகிவிடாது. கிடாரில் ஏற்கனவே இருப்பதைக் கழற்றிவிட்டுப் போடுவதற்கென்றே தனியாக விற்கப்பட்டு முதன்முதலில் பெரும் பெயர் வாங்கிய பிக்கப் டிமார்ஜியோவின் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’. 1970களின் தொடக்கத்தில் வந்தது. அதில் இருப்பது செராமிக் காந்தம். ஹெவி மெட்டல் இசை வாசிப்பவர்கள் தேடிப்போய் வாங்கும் இஎம்ஜி 81இலும் செராமிக்தான். காந்தத்தின் சாதியைப் பார்த்து பிக்கப்பை மட்டம் தட்டுகிறவர்களிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து ஓம் கணக்கு. பிக்கப் விளம்பரங்களில் 6 கே, 8 கே, 16 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) என்று ஒரு எண் போட்டிருக்கும். எண் பெரிதானால் சத்தமும் பெரிது என்று நினைத்துக்கொள்கிறோம். அது செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. எவ்வளவு நீளக் கம்பி, எவ்வளவு மெல்லியது என்பதைத்தான் அது சொல்லும். காந்தம் எவ்வளவு வலுவானது, நடுவில் இரும்பா ஆல்நிகோவா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு, செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6,000 ஓம் காட்டும் பிக்கப், மே மாதச் சென்னையில் 35 டிகிரி அறையில் 6,350 காட்டும். வெயில் காலத்தில் கிடார் ‘ஹாட்’ (சத்தம் கூடியது) ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

காதைக் கிழிப்பதற்கு உண்மையில் பொறுப்பான எண் வேறு. பிக்கப்பின் இண்டக்டன்ஸும், ஆம்ப் (ஒலிபெருக்கி) வரை போகும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்புக்கு 2.4 ஹென்றி, ஆறு மீட்டர் கேபிளுக்கு 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மேடு சுமார் 4,200 ஹெர்ட்ஸில் வருகிறது. மனிதக் காது மிகவும் கூர்மையாக இருக்கும் இடமே அதுதான். அதே கிடாரில் பத்து மீட்டர் கேபிளைச் செருகினால் மேடு 3,200 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். அதாவது கேபிளை மாற்றினாலே பிக்கப்பின் குணம் கொஞ்சம் மாறுகிறது. பக்கத்துத் தெருவில் கிடார் வாசிக்கிற யாரிடமாவது நீளமான கேபிளைக் கடன் வாங்கிப் பார்க்கச் செலவு கிடையாது.

இந்தக் கணக்கில் வால்யூம், டோன் குமிழ்களுக்கும் பங்கு உண்டு. சிங்கிள் காயிலுக்கு 250 கே, இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கருக்கு 500 கே என்பது பொது வழக்கம். 250 கே அந்த மேட்டைக் கொஞ்சம் அமுக்கும். உங்கள் கிடாரில் சிங்கிள் காயிலுக்கு 500 கே போட்டிருந்தால், கூச்சலுக்குக் காரணம் ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் குமிழாகவே இருக்கலாம்.

என் விஷயத்தில் காரணம் அதைவிட எளிமையானது. பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் இரண்டு டோன் குமிழ்கள் உண்டு. ஒன்று கழுத்து பிக்கப்புக்கு, இன்னொன்று நடு பிக்கப்புக்கு. மூன்றில் அதிகமாகக் கத்தக்கூடிய பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே இல்லை! 1954இல் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலையில் ஸ்ட்ராட் பிறந்தபோது இருந்த அமைப்பு அது, இன்றும் பல மலிவுக் கிடார்களில் அப்படியே வருகிறது. என் கிடாரில் அந்தக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தாலும் பிரிட்ஜ் பிக்கப்பில் ஒன்றும் நடக்காதது இதனால்தான்.

இதற்கு வைத்தியம் ஒரு விரற்கடை ஒயர். பிக்கார்டு திறந்திருக்கும்போதே சுவிட்சைப் பார்த்தால் இரண்டு வரிசைப் பாயிண்ட்கள் தெரியும். டோன் குமிழ்களுக்கு ஒயர் போகிற வரிசையில் ஒரு பாயிண்ட் மட்டும் மொட்டையாக நிற்கும், அது பிரிட்ஜுக்கு உரியது. பக்கத்தில் நடு பிக்கப்பின் டோனுக்குப் போகும் பாயிண்ட். இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து ஈயம் வைத்தால் இரண்டாவது டோன் குமிழ் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். சால்டரிங் அயர்னை அதிக நேரம் அழுத்திப் பிடிக்காமல், ஈயம் பளபளவென்று ஓடியதும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகிவிடும். பழக்கமில்லை என்றால் ரேடியோ மெக்கானிக் யாரிடமாவது கொடுங்கள், டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுவார்.

இப்போது பிரிட்ஜில் வாசிக்கும்போது அந்தக் குமிழை ஏழில் வைத்துக்கொள்கிறேன். காதைக் கிழித்தது பெரும்பாலும் அடங்கிவிட்டது. சத்தம் கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறது என்ற குறை மட்டும் மிச்சம்.

அதற்கு உயரத்தைப் பார்த்தேன். பிக்கப்பின் இரண்டு பக்கமும் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால் அது ஏறி இறங்கும். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு, கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பியை அழுத்திக்கொண்டு அளந்தால், தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மில்லிமீட்டர். ஸ்டீல் ஸ்கேல் போதும். என்னுடையதில் தடித்த பக்கம் நன்றாக இறங்கியும், மெல்லிய பக்கம் கம்பியை முட்டுகிற மாதிரியும் இருந்தது. தடித்த பக்கத்தை ஏற்றி, மெல்லிய பக்கத்தை இறக்கினேன், ஒலிக்கு உடம்பு கொஞ்சம் வந்தது. ஆல்நிகோ தண்டு உள்ள பிக்கப்பை ரொம்ப மேலே ஏற்றினால் காந்தம் கம்பியையே இழுக்கும். மேல் ஃப்ரெட்களில் சுருதி அலையும், ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து கேட்கும். புது பிக்கப் போட்டுவிட்டு “சுருதியே நிற்க மாட்டேன் என்கிறது” என்று புலம்புபவர்களில் சிலர் செய்ய வேண்டியது அரை மில்லிமீட்டர் இறக்குவதுதான்.

மந்தமாக இருக்கிறது என்பதுதான் உங்கள் குறை என்றால் முதலில் கம்பிகளை மாற்றுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் நம் கை வியர்வையிலும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சில நூறு ரூபாய் விஷயம்.

இனி இரைச்சல். நம் ஊர் வீடுகளில் சிங்கிள் காயில் கிடார் வாசிப்பவருக்கு இது தனிச் சோதனை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட், மின்விசிறியின் ரெகுலேட்டர், மலிவு எல்இடி பல்பு, எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு முனையோடு செருகிய ஆம்ப், இது அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து ஸ்பீக்கரில் பேசும். இதில் இரண்டு ரகம் இருக்கிறது, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது எர்த், ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை) சம்பந்தப்பட்டது. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் செம்பு டேப் வாங்கி, பிக்கப் உட்காரும் குழி முழுக்க ஒட்டி, அதைக் கிடாரின் எர்த்தோடு இணைத்தால் நல்ல பலன் தெரியும். வீட்டு பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது அதற்கும் முந்தைய வேலை. பாதுகாப்புக்கும் அதுவே முக்கியம், கம்பி வழியாக நம் விரலும் அந்தச் சர்க்யூட்டில்தான் இருக்கிறது.

கிடாரோடு நாற்காலியில் சுற்றிப் பார்த்தால், ஏதோ ஒரு திசையில் ஹம் (ரீங்கார இரைச்சல்) அடங்கி இன்னொரு திசையில் ஏறுகிறதா? அது காந்தப் புலம் வழியாக வருவது. செம்பு டேப்பை எத்தனை சுற்று ஒட்டினாலும் நிற்காது. அதை நிறுத்தத்தான் கிப்சனில் இருந்த சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள், எதிரெதிர் காந்த முனை. வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடும். “திசை மாற்றினால் மாறுகிற ஹம் எனக்கு ஆகவில்லை” என்பது உங்கள் வாக்கியமானால், தாராளமாக பிக்கப்பை மாற்றுங்கள். சிங்கிள் காயில் அளவிலேயே ஹம் ரத்தாகும் பிக்கப்புகள் கிடைக்கின்றன.

இன்னொரு சோதனையும் உண்டு. என் வீட்டு ஆம்ப் சின்னது, உள்ளங்கை அகல ஸ்பீக்கர். கிடாரை ஒரு ஜாம் ரூமுக்கு (இசைக்குழுக்கள் பயிற்சி செய்யும் அறை) எடுத்துப் போய் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்பில் செருகினேன். கழுத்து பிக்கப்பும், சுவிட்சின் நான்காவது நிலையும் (கழுத்தும் நடுவும் சேர்ந்து ஒலிப்பது) நான் ஆசைப்பட்டுக் கேட்ட வீடியோக்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அங்கிருந்த பையன், “அண்ணா, பிக்கப் மாத்திட்டீங்களா?” என்று கேட்டான். மூன்றையும் சேர்த்து மாற்றும் யோசனை எனக்கு அன்றே போய்விட்டது. பிரிட்ஜ் மட்டும் அங்கேயும் ஒல்லியாகத்தான் இருந்தது.

மலிவு பிக்கப்பைக் குறைத்துப் பேசுபவர்களுக்குச் சரித்திரத்திலும் பதில் இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் சில்வர்டோன் என்ற பெயரில் விற்ற மலிவுக் கிடார்களை டான்எலக்ட்ரோ செய்து கொடுத்தது. உடல் அழுத்திய மரநார்ப் பலகை, பிக்கப்பின் மூடி லிப்ஸ்டிக் குழல். இன்று அந்த லிப்ஸ்டிக் பிக்கப்பின் ஒலிக்காகவே அதன் நகல்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஜப்பானின் டெய்ஸ்கோ மலிவுக் கிடார்களில் இருந்த தங்கத்தாள் பிக்கப் ஒன்றைத் தன் ஸ்ட்ராட்டின் கழுத்துப் பக்கம் போட்டுக்கொண்டார் ரை கூடர். ஃபெண்டர் பிக்கப்பைக் கழற்றிவிட்டு!

எதிர்ப்பக்கமும் உண்டு. குயீன் குழுவின் பிரையன் மே, பள்ளிப் பருவத்தில் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிடார் செய்தபோது பிக்கப்பையும் தானே சுற்றினார். சாதாரணமாக வாசிக்க நன்றாகவே இருந்தது, கம்பியை வளைத்தால் மட்டும் விநோதமான சத்தம் வந்தது. எந்த நேரத்தில், எந்தச் செயலில், என்ன தப்பு என்று அவரால் சொல்ல முடிந்தது. காசு கொடுத்து மூன்று பர்ன்ஸ் டிரை-சோனிக் பிக்கப் வாங்கினார். அவை சத்தத்துக்குத் தாமே அதிர்ந்து கீச்சிடாமல் இருக்க உள்ளே அரால்டைட் ஊற்றினார். நம் வீட்டில் உடைந்த கைப்பிடி ஒட்டும் அதே அரால்டைட்தான். அந்தக் கிடாரைத்தான் அவர் இன்றும் வாசிக்கிறார்.

கூடுதல் கணக்கு ஒன்று. பிக்கப் செட் விலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பழைய கிடாரை விற்ற காசையும் போட்டால் அடுத்த படிக் கிடார் வந்துவிடும். ஸ்க்வையரின் கிளாசிக் வைப் ஸ்ட்ராட்டிலும் யமஹா பசிஃபிகா 112V மாடலிலும் ஆல்நிகோ பிக்கப்புகள் போட்டே வருகின்றன. பழைய கிடாரை விற்கப் போனால் உள்ளே எந்த பிக்கப் போட்டிருக்கிறீர்கள் என்பதற்காக யாரும் பெரிதாகக் கூட்டித் தர மாட்டார்கள். ஆகவே கிடாரின் கழுத்து கைக்குப் பிடித்து, ஃப்ரெட்கள் சரியாக இருந்து, இதை விற்கப் போவதில்லை என்று மனது சொன்னால் மட்டும் பிக்கப்பில் பணம் போடுவது நியாயம். என் கல்லூரித் தோழன் ஒருவன் அப்படித்தான் செய்தான். மெட்டல் வாசிப்பவன், கம்பிகளை ரொம்பக் கீழே இறக்கி சுருதி வைப்பான், தடித்த கம்பி சேறாகக் குழம்புகிறது என்பது அவன் வாக்கியம். பிரிட்ஜ் ஹம்பக்கர் ஒன்றை மட்டும் மாற்றினான், குழப்பம் தெளிந்தது, அப்புறம் அதைப் பற்றி அவன் பேசவே இல்லை.

நானும் பிரிட்ஜ் ஒன்றை மட்டும், சிங்கிள் காயில் அளவுள்ள ஹம்பக்கராக மாற்றுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கழுத்தும் நடுவும் இருக்கிறபடியே இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்ஜும் நடுவும் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் இரண்டின் மின்திசையும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஒலி மூக்கடைத்து மெலிந்துவிடும். இதைப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். முள் ஆடும் பழைய மாதிரி மீட்டரை பிக்கப்பின் இரண்டு ஒயரிலும் வைத்து, ஸ்க்ரூ டிரைவரைத் தண்டுகள் மேல் ஒட்டவைத்துச் சட்டென்று பிய்த்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். பழைய நடு பிக்கப்பில் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று குறித்துக்கொண்டு, புதியதிலும் அதே பக்கம் துள்ளும்படி ஒயரை இணைத்தால் போதும். டிஜிட்டல் மீட்டரில் இந்தத் துள்ளலைப் பிடிப்பது சிரமம். ரிச்சி தெருக் கடைக்காரர் முள் மீட்டரைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, “இதையெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க?” என்றார். ஹம்பக்கரிலிருந்து வரும் நான்கு ஒயர்களின் நிற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அந்தப் படத்தை அச்செடுத்து பிக்கார்டுக்குள் மடித்து வைக்கப் போகிறேன். கழற்றும் பழைய பிக்கப்பும் அதன் ஸ்க்ரூக்களும் ஸ்பிரிங்குகளும் ஒரு டப்பாவில் போகும், என்றாவது விற்கிறபோது பழையபடி மாட்டிக் கொடுக்க.